நீந்தத் தெரியாத மாறன்

போன கிழமை கஜன் தொலைபேசி எடுத்தான். எங்களோடு வேலை செய்த காலத்தில் அவன்தான் ஒலிப்பதிவாளர். இப்போது ஊர்காவற்றுறையில் சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறான். யப்பானிலிருந்து வருகிற அனிமே என்கிற கார்ட்டூன் தொடர்களுக்குத் தமிழ்க் குரல் கொடுப்பதுதான் அன்றும் இன்றும் அவனுடைய தொழில். நான் ஓய்வெடுத்துச் சரவணையில் வீட்டோடு இருக்கிறேன்.

"அண்ணை, இனி ஆள் பஞ்சமில்லை. ஒரு குரலைக் குடுத்தால் கொம்பியூட்டர் நூறு குரல் செய்து தருகுது. எத்தினை பாத்திரம் வந்தாலும் பயமில்லை" என்றான்.

"நல்லதுதான்" என்றேன்.

"நீங்கள் அஞ்சு பேர் எப்பிடி அண்ணை அறுவது பேருக்குக் கதைச்சனீங்கள்? அதை ஒருக்கா எழுதித் தாங்கோவன். எங்கடை குரல் கலைஞர் மலருக்குப் போடுவம்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. எழுத்தில் பிழை வருமோ, இன்று இல்லாத மனிதர்களைப் பற்றி ஒன்று கூடக்குறையச் சொல்லிவிடுவேனோ, வாசிக்கிற இளம் பிள்ளைகள் இந்த மனிசனுக்கு இது என்ன கவலை என்று சிரிப்பார்களோ என்றெல்லாம் யோசனை. இருந்தாலும் கஜன் கேட்ட கேள்வி மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஐந்து பேர் அறுபது பேருக்குக் கதைத்தது பெரிய வித்தை இல்லை. கொஞ்சம் தொண்டை நோகும், அவ்வளவுதான். அறுபது பேர் வந்து சேர்ந்த பிறகு அவர்களில் ஒருவருக்கும் கதைக்க ஒன்றும் இல்லாமல் போனதே, அதுதான் கஷ்டம். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் தொழிலுக்கு வந்த கதை நீளமில்லை. படிப்பு நின்றதும் மாமாவின் கடைக்குத் தெற்கே அனுப்பினார்கள். அங்கே சிங்களம் பழகினேன். பிறகு கொழும்பில் ஒரு குரற்பதிவு அறையில் கதவு திறந்து மூடுகிற வேலை. ஒரு நாள் குரல் கொடுக்கிற ஒருவர் வரவில்லை. என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். பயந்து நடுங்கி இரண்டு வசனம் சொன்னேன். அந்தப் பாத்திரமும் பயந்து நடுங்குகிற பாத்திரம்தான். நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்படியே பல வருசம் போய்விட்டது.

ஊருக்குத் திரும்பியது இராசநாயகம் சேர் கூப்பிட்டதால். சேர் ஒரு காலத்தில் வானொலி நாடகம் தயாரித்தவர். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நடக்கும் ஒரு தொலைக்காட்சி அலைவரிசை, அனிமேத் தொடர் ஒன்றைத் தமிழாக்கித் தரச் சொல்லி அவரிடம் கேட்டிருந்தது. செலவைக் குறைக்க, வேலையை இங்கேயே செய்வோம் என்று முடிவெடுத்தார். சரவணையில் கனடாவுக்குப் போன குடும்பம் ஒன்றின் பூட்டிய வீடு. அதன் நடு அறைச் சுவரெல்லாம் மெத்தையை நிமிர்த்திக் கட்டினோம். யன்னலுக்குப் பழைய கம்பளி. குசினிக்கும் அறைக்கும் நடுவில் இருந்த யன்னலுக்குக் கண்ணாடி போட்டு, குசினிக்குள் கஜனின் இயந்திரங்களை வைத்தோம். அடுப்பு இருந்த இடத்தில் அவனுடைய மேசை. சோழகக் காற்று பிடித்தால் வெளியே பனையோலை சரசரக்கும். வேலையை நிறுத்திவிட்டு இருப்போம். கோயில் ஒலிபெருக்கி, பஸ், மயில் எல்லாவற்றுக்கும் நிறுத்துவோம். மின்சாரம் எப்போது போகுமோ என்கிற கவலை எனக்கு மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் போனால் போகுது என்று தேத்தண்ணி குடிப்பார்கள்.

சேரின் வேலைமுறையை இங்கே சொல்ல வேண்டும், இப்போது ஒருவரும் அப்படிச் செய்வதில்லை. முதலில் சத்தம் இல்லாமல் படத்தைப் பார்க்கச் சொல்வார். இரண்டாந்தரம் படத்தை மறைத்துவிட்டு யப்பானியக் குரலை மட்டும் கேட்கச் சொல்வார். மொழி விளங்காது. விளங்கத் தேவையில்லை. என்னை அவர் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார்.

"சொல்லை விடும் ஐசே. அவன் எங்கை மூச்சு எடுக்கிறான் எண்டு பாரும். மூச்சு எடுக்கிற இடத்திலைதான் அவனுக்கு ஏதோ நடக்குது."

நாங்கள் காகிதத்தில் மூச்சு வருகிற இடங்களில் சிறு கோடு போடுவோம். அந்தக் கோடுகளுக்கு நடுவில்தான் சேர் தமிழ் வசனத்தை எழுதுவார். படத்தில் வாய் தெரிகிற இடத்தில் உதடு மூடினால் தமிழிலும் மூட வேண்டும். முதுகு தெரிகிற இடத்தில் கொஞ்சம் வசதி. பதிவு நடக்கும்போது அவர் படத்தைப் பார்க்க மாட்டார். கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். யாரையும் ஏசியதில்லை. பிடிக்காவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரத்து நுனியால் துடைப்பார். அதைக் கண்டதும் நான் காகிதத்தின் முதல் வரிக்குத் திரும்பிவிடுவேன்.

தொடருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அலைமகன்'. மாறன் என்ற பெடியன், கடற்கொள்ளையர் கொண்டுபோன தன் தங்கையைத் தேடித் தீவு தீவாகப் போகிறான். அவனுக்கு நீந்தத் தெரியாது. ஆழத் தண்ணியைக் கண்டால் பயம். கூடப் போவது குட்டையான, உருண்டையான ஒரு சிநேகிதன். அவனுக்குச் சண்டை தெரியாது. தோணி வலிக்கவும் கேள்வி கேட்கவும்தான் தெரியும். பனங்கட்டி அடைக்கிற சின்ன ஓலைக் குட்டான் மாதிரி இருக்கிறான் என்று சேர் அவனுக்குக் குட்டான் என்று பெயர் வைத்தார். ஓட்டைத் தோணி ஒன்று, பெடியள் இருவர், எதிரி ஒருவன். முதற் பாகம் முழுவதும் இவ்வளவுதான்.

மாறனின் குரல் நான். ஏன் என்னை எடுத்தீர்கள் என்று சேரிடம் ஒருமுறை கேட்டேன்.

"நீர் படலையைப் பூட்டிப்போட்டு ரெண்டு தரம் திரும்பிப் போய்ப் பாக்கிற ஆள். இவனும் அப்பிடித்தான்" என்றார்.

குட்டானின் குரல் யோகம் அக்கா. புங்குடுதீவு இறுப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னை விட மூத்தவர். கல்யாணம் செய்யவில்லை. படுக்கையில் கிடக்கிற தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், தமையன் பிரான்சில். கிழமையில் இரண்டு நாள் இந்த அறைக்கு வருவதுதான் அவருக்கு வெளி உலகம். அதை அவரே சொல்வார்.

"தம்பி, அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை இருத்திப்போட்டு வாறன். குட்டான் இல்லாட்டி நான் ஏன் சீலை மாத்துறன்?"

மாறன் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணியைப் பார்க்கிற காட்சி ஒன்று இருக்கிறது. குட்டான் கேட்கிறான், "பயமா இருக்கோ?" என்று. மாறன் "இல்லை" என்கிறான். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் ஒரு காலை முழுவதும் செலவழித்தோம். முன்னால் ஒரு மூச்சு, பின்னால் அரை மூச்சு. யோகம் அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் சொன்ன இல்லையை நானே நம்பவில்லை. சேர் கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டினார். தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோசம் அதுதான்.

முதற் பாகத்தின் முடிவில் மாறன் கடலில் விழுகிறான். செத்துவிட்டான் என்றே எல்லாரும் நினைத்தோம். குட்டான் தோணியில் தனியே நின்று கூப்பிடுகிறான். யோகம் அக்கா அன்று கூப்பிட்ட மாதிரி நான் பிறகு ஒருவரிடமும் கேட்டதில்லை. கஜன் பதிவை முடித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினான். அடுத்த பாகத்தில் மாறன் உயிரோடு வந்தான். ஆனால் இடக் காது கேட்காமல் வந்தான். அதற்குப் பிறகு குட்டான் எப்போதும் அவனுடைய வலப்பக்கத்தில் இருந்தே கதைப்பான். நல்ல வேலை அது. எழுதினவர்களுக்கு அப்போது புத்தி இருந்தது.

பிறகு தொடர் பிரபலமாகிவிட்டது. பிரபலமானதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் வாள் வீரன் ஒருவன். அவனுக்கு ஒரு பழைய சோகம். அவனுடைய அண்ணன், குரு, குருவின் எதிரி. பிறகு பனிநாட்டார், எரிமலை நாட்டார், வானத்தில் இருக்கிறவர்கள். ஒவ்வொருவருக்கும் தனி ஆயுதம், தனிச் சத்தம். நாங்களோ ஐந்து பேர்தான். நான், யோகம் அக்கா, எப்போதாவது சேர். அதோடு ஊர்காவற்றுறைத் தபால்காரர் ஒருவரும் பள்ளிக்கூட ரீச்சர் ஒருவரும் நேரம் கிடைக்கும்போது வருவார்கள். மூக்கைப் பிடித்துக் கதைத்தோம். கன்னத்துக்குள் பஞ்சு வைத்தோம். பல்லுக்கு நடுவில் தக்கையைக் கடித்தோம். வானத்து அரசனுக்குத் தபால்காரர் செம்புக்குள் வாயை வைத்துக் கதைத்தார். ஒரு கட்டத்தில் அவரிடம் குரல் முடிந்துவிட்டது.

"சேர், எரிமலைத் தளபதிக்கு என்ரை மாமியாரின்ரை குரலைப் போட்டிருக்கிறன். வேறை ஆளில்லை" என்றார்.

"மாமிக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சால் எரிமலை இங்கை வரும்."

சிரித்தோம். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அதே நாட்களில் ஒன்று நடந்தது. ஆலோசனை மண்டபத்தில் எல்லாரும் கூடியிருக்கிற நீண்ட காட்சி. தபால்காரர் பனிநாட்டு மூத்தவரின் வசனத்தைத் தளபதியின் குரலிலும், தளபதியுடையதை மூத்தவரின் குரலிலும் மாறிச் சொல்லிவிட்டார். எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. சேரும் கவனிக்கவில்லை. ஒளிபரப்பாகி முடிந்த பிறகு கஜன் வேறு எதற்கோ திரும்பப் போட்டபோதுதான் கண்டுபிடித்தான். நான் பதறிப்போனேன். முறைப்பாடு வரும், வேலை போய்விடும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் பார்க்கிற தொடர். ஒரு பிள்ளை கூட எழுதிக் கேட்கவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சேர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆரெண்டு தெரியாமல் கதைக்கிறாங்கள். ஆரெண்டு தெரியாமல் கேக்கிறாங்கள்" என்றார்.

நயினாதீவுக் கோயில் தேர் அன்று, படகு புறப்படுகிற குறிகட்டுவான் துறையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். படகு நிறையச் சனம். இறங்குகிறவர் யார், ஏறுகிறவர் யார் என்று ஒன்றும் தெரியாது. தேரில்லாத நாளில் அதே படகில் ஆறு பேர் இருந்தால், அக்கரை போய்ச் சேருமுன் ஆறு பேரின் வீட்டுக் கதையும் தெரிந்துவிடும். தொடர் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு கிழமையும் தேர் இழுக்க ஆசைப்பட்டார்கள். ஒரு பாத்திரம் சலித்தால் அதைத் தோண்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தங்கையைத் தேடிப் போன பயணம் என்ன ஆனது என்று எனக்கே இடையில் மறந்துபோனது.

மாறனுக்கு நடந்தது அதைவிட மோசம். இரண்டாந்தரம் செத்துத் திரும்பியபோது கடல் அவனுக்குக் கட்டுப்பட்டது. தண்ணியின் மேல் நடந்தான். பிறகு கடலைச் சுருட்டி எறிந்தான். காதும் சரியாகிவிட்டது. எதிரி எவ்வளவு பெரியவனோ அதைவிடக் கொஞ்சம் பெரியவனாக மாறன் ஆவான். அடுத்த கிழமை இன்னும் பெரிய எதிரி வருவான். என் காகிதத்தில் மூச்சுக் கோடுகள் குறைந்துகொண்டே போயின. கத்துவது மட்டும்தான் மிச்சம். வீட்டுக்குப் போய் மல்லித் தண்ணி குடிப்பேன். தொண்டைக்கு ஏதும் வருத்தம் வந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

"வெல்லப்போறன் எண்டு முதலே தெரிஞ்ச ஆளுக்கு நீர் ஏன் ஐசே மூச்சு வாங்குறீர்?" என்று சேர் ஒரு நாள் கேட்டார்.

"பழக்கத்திலை வந்திட்டுது சேர்."

"விடும். மூலத்திலை அவனும் வாங்கேல்லை."

குட்டான் இருந்தான். இல்லாமல் இல்லை. கூட்டத்தின் ஓரத்தில் நிற்பான். கடலின் மேல் நடக்கிறவனுக்குத் தோணிக்காரன் எதற்கு? ஒரு பகுதிக்கு ஒரு வசனம், சில நாட்களில் "ஆ!" மட்டும். அந்த ஆவுக்காக யோகம் அக்கா இறுப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வருவார். மெத்தைச் சுவரோரம் கதிரையில் காலை முழுவதும் இருப்பார். தன் முறை வந்ததும் எழும்பிப் போய் "ஆ!" என்பார். திரும்பி வந்து இருப்பார்.

"இண்டைக்கு நல்லாச் சொன்னனானோ தம்பி?" என்று என்னைக் கேட்பார். பகிடிதான். ஆனால் அலைவரிசைக்காரர் இதையும் வேண்டாம் என்று சொல்லும் நாள் வருமோ என்று நான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். அவரும் பயந்திருப்பார்.

அந்த நிலையில்தான் மாறன் மூன்றாந்தரம் செத்துத் திரும்புகிற பகுதி வந்தது.

கரை முழுவதும் அறுபது பேர் நிற்கிறார்கள். கடல் பிளந்து மாறன் வெளிச்சத்தோடு நடந்து வருகிறான். ஒவ்வொருவராக அவனுடைய பெயரைச் சொல்கிறார்கள். கடைசியாக ஓரத்தில் நிற்கிற குட்டான் "மாறன் வந்துவிட்டான்!" என்கிறான். அதற்குப் பிறகு மாறன் வாய் திறந்து, "இனி என்னை வெல்ல எவரும் இல்லை!" என்கிறான். சண்டை தொடங்குகிறது.

மற்றவர்களுடையதைக் காலையிலேயே முடித்துவிட்டோம். குட்டானுடைய வசனம் வரவில்லை. யோகம் அக்கா சொன்னார். சேர் கண்ணாடியைத் துடைத்தார். திரும்பச் சொன்னார், திரும்பவும் துடைத்தார். பல தரம் இப்படி. ஒரு வசனத்தையும் சொல்ல ஏலாவிட்டால் அவரைப் பிறகு யார் கூப்பிடுவார்கள்?

"நீர் என்னத்தை நினைச்சுச் சொல்லுறீர் யோகம்?" என்று சேர் கேட்டார்.

"என்னத்தைச் சேர் நினைக்கிறது? சாகேக்கையே திரும்பி வருவான் எண்டு தெரியும். முதல்தரம் நான் அழுத அழுகைக்கு இப்ப வெக்கமா இருக்கு. உவன் சாகிறானோ, லீவிலை போயிட்டு வாறானோ?"

தபால்காரர் சிரித்தார். அவர் சிரித்ததும் அக்காவுக்கு உசார் வந்துவிட்டது. எங்கள் தீவுகளில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கண்டால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. பத்து நாளுக்கு வருகிறவர், ஒரு மாதத்துக்கு வருகிறவர் எல்லாருக்கும் அதுதான். அக்கா என் பக்கம் திரும்பி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, குட்டானின் குரலில் கேட்டார்:

"எப்ப வந்தனீ? எப்ப போறாய்?"

தபால்காரர் வாயிலிருந்த தேத்தண்ணி தெறித்தது. கஜன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். சேர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்திருந்தார்.

"கஜன், அந்த இடத்திலை குட்டான்ரை வாய் தெரியுதோ?"

கஜன் ஓட்டிப் பார்த்தான். "இல்லைச் சேர். முதுகுதான்."

"எவ்வளவு இடம் இருக்கு?"

"மாறன் வாய் துறக்கிறதுக்கு முன்னம் ரெண்டு மூச்சு வரும்."

"அப்ப யோகம் கேட்டதையே போடுவம்."

அலைவரிசையில் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஆள் ஒருவர் இருந்தார். "சேர், அது மூலத்திலை இல்லாத வசனம்" என்றேன்.

"தெரியும் ஐசே."

"ஐயோ சேர், நான் பகிடிக்குச் சொன்னனான்" என்றார் அக்கா.

"பகிடியாச் சொல்ல வேண்டாம். கேளும்."

"ஆரைக் கேக்கிறது?"

"முன்னாலை நிக்கிறவனை."

அக்கா ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். நான் அடுத்த ஒலிவாங்கியில் மாறனின் வசனத்தோடு தயாராக நின்றேன். படம் ஓடியது. அறுபது பேரும் பெயர் சொல்லி முடித்தார்கள். அக்கா படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எப்ப வந்தனீ?"

அழவில்லை, நக்கலும் இல்லை. படலையடியில் நிற்கிறவரைக் கேட்கிற சாதாரணக் குரல். ஒரு மூச்சு எடுத்தார். பிறகு, தெரிந்த பதிலைக் கேட்கிற மாதிரி, கொஞ்சம் தணிவாக:

"எப்ப போறாய்?"

திரையில் மாறன் வாய் திறந்தான். நான் திறக்கவில்லை. என்னை ஒருவர் ஒன்று கேட்டிருக்கிறார். எத்தனையோ பகுதிக்குப் பிறகு மாறனிடம் யாரோ ஒருவர் ஒன்று கேட்டிருக்கிறார். பிந்தித்தான் தொடங்கினேன். "இனி என்னை வெல்ல எவரும் இல்லை" என்பது வீரவசனமாக வரவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் வேறு எதையோ சொல்லிச் சமாளிக்கிறவனின் கதையாக வந்தது. மாறனின் வாய் மூடிய பிறகும் என் வசனத்தில் ஒரு சொல் மிச்சம் இருந்தது.

"பிந்திப்போச்சு சேர். திரும்ப எடுப்பம்" என்றேன்.

"தொடாதையும். அதுதான் மாறன்."

யோகம் அக்கா போத்தல் தண்ணியைக் குடித்துவிட்டு, "அண்ணை வரேக்கை நான் உப்பிடித்தான் கேக்கிறனான்" என்றார்.

அலைவரிசையிலிருந்து சில நாட்களில் அழைப்பு வந்தது. சேர் முற்றத்தில் நின்று கதைத்தார். நான் கஜனோடு குசினிக்குள் இருந்தேன். "ஓம்... ஓம்... விளங்குது... இல்லைத் தம்பி, எனக்கு விளங்குது" என்பது மட்டும் கேட்டது. இடையில் ஒரு தரம் குரல் உயர்ந்தது. "கேள்வி கேக்கிறவன் அவன் ஒருத்தன்தான். அவனையும் எடுத்துப்போட்டால் மாறன் ஆரோடை கதைக்கிறது?" அதற்குப் பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

"ஆரோடை கதைக்கிறது எண்டு கேட்டன். அறுவது பேர் நிக்கினமாம்" என்றார்.

கூட்டிய வசனத்தை நீக்க வேண்டும் என்பது அலைவரிசையின் முடிவு. நாயகன் தயங்கக் கூடாது; திரும்பப் பதிய வேண்டும். இனிக் குட்டானுக்கு ஒரு சொல், இரண்டு சொல்தான் வரும் என்பதால் அதற்கென்று தனி ஆள் வேண்டாம். முதன்மைக் குரலே அதையும் சொல்லட்டும். முதன்மைக் குரல் என்றால் நான். அது ஏலாது என்று சேரிடம் சொன்னேன். ஏலாதென்றால் முழு வேலையையும் வேறு கூடத்துக்கு மாற்றுவோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். தபால்காரர், ரீச்சர், கஜன் எல்லாருடைய வேலையும் அதில் இருந்தது. சேர் கண்ணாடியைக் கழற்றவும் இல்லை, துடைக்கவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

அக்காவுக்கு யார் சொல்வது? சேர் எழும்பினார். ஆனால் அக்கா பஸ்ஸால் இறங்கிப் படலையைத் திறந்து வரும்போதே எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"குட்டானை வேண்டாமாமோ?"

"குட்டான் இருக்கிறான் யோகம்" என்றார் சேர்.

அக்கா என்னைப் பார்த்தார். "அப்ப ஆர் சொல்லுறது?"

"என்னைச் சொல்லட்டாம் அக்கா."

"உம்மையோ! உம்மடை தொண்டைக்குள்ளை குட்டான் ஏறுவானோ?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, என்னை ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "நாடியை மேலை தூக்கும். இன்னும். அவன் குள்ளன், எல்லாரையும் அண்ணாந்து பாக்கிறவன். அண்ணாந்தால் தொண்டை இழுபடும். சொல்லும் பாப்பம்."

சொன்னேன்.

"அது குட்டான்ரை தகப்பன்" என்றார்.

அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. தெருவில் அவரோடு நின்றேன். பஸ் வராமல் விட்டால் என்ன செய்வது, மத்தியான வெயிலில் எப்படி நிற்பார் என்று எதையெதையோ கதைத்தேன். "அம்மா சந்தோசப்படுவா. பிள்ளை வீட்டிலை நிக்கப்போகுது எண்டு" என்றார். பஸ் வந்தது. ஏறிப் போனார்.

பதிவுக்கு நான் ஒருவன்தான். நாடியைத் தூக்கி, மேலே பார்த்து, "மாறன் வந்துவிட்டான்!" என்றேன். கஜன் அதைச் சேமித்தான். பிறகு நிமிர்ந்து நின்று, சரியான நேரத்துக்கு, மூச்சே எடுக்காமல், "இனி என்னை வெல்ல எவரும் இல்லை!" என்றேன். நானே வந்தேன், நானே என்னைக் கண்டு சந்தோசப்பட்டேன். உதடு ஒரு மயிரிழை கூடப் பிசகவில்லை. அலைவரிசைக்குத் திருப்தி.

அந்தப் பகுதி ஒளிபரப்பான பின்னேரம் யோகம் அக்கா தொலைபேசி எடுத்தார். முன்வீட்டுப் பிள்ளைகள் கிழமைதோறும் டிஷ் இருந்த அவருடைய வீட்டுக்கு வந்துதான் அந்தத் தொடரைப் பார்ப்பார்கள். தான்தான் குட்டான் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் பிள்ளைகளுக்குக் குட்டான் இல்லாமல் போய்விடுவான் என்பார்.

"பாத்தனீங்களோ அக்கா?" என்றேன். கேட்கப் பயமாக இருந்தது.

"பாத்தம். மாறன் வெளிச்சத்தோடை வந்தான். பிள்ளையளிலை ஒண்டும் நிமிந்தும் பாக்கேல்லை. கச்சான் கடலை உடைச்சுத் திண்டுகொண்டிருந்ததுகள். பிறகு குட்டான் கதைச்சான்."

"அதுக்குப் பிறகு?" என்றேன்.

"சின்னவள் கச்சானை வைச்சிட்டாள். 'உது குட்டான் இல்லை, குட்டானுக்கு என்ன நடந்தது' எண்டு கேக்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல? செத்துப்போனான் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஐயோ அக்கா."

"'மாறன் மாதிரித் திரும்பி வருவானோ' எண்டாள். வரமாட்டான் எண்டன்."

தொலைபேசிக்குள்ளே, அவருக்குப் பின்னால், ஒரு பிள்ளை விம்மி விம்மி அழுகிற சத்தம் கேட்டது.

"கேக்குதோ தம்பி?" என்றார் யோகம் அக்கா. "சரி, நான் வைக்கிறன். இவளைத் தேத்த வேணும்."